கொக்கி இல்லாத கண்ணாடி

ஐப்பசி, ஞாயிறு இரவு.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பக்கத்து ஜன்னல் கண்ணாடிகள் முன்பு திறக்காது, ஏசியும் கிடையாது. மலையேறினால் வாந்தி வரும் என்று என் மனைவி சாந்தி அதில் ஏறியதே இல்லை. அவளுக்காகவே கண்ணாடிகளைக் கழற்றி, கீல் வைத்துத் திறக்கும்படி செய்தேன்.

இன்று மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைவளைவுகள் தொடங்கியதும் நல்ல காற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி மூடி நிற்கவில்லை. கொக்கி வைக்க மறந்திருக்கிறேன்!

"தொறக்கத் தெரிஞ்சவருக்கு மூடத் தெரியலீங்களா?"

கண்ணாடியைக் கையால் இழுத்துப் பிடித்தபடி, நனைந்துகொண்டே மேலே போய்ச் சேரும்வரை திட்டினாள். திட்டுகிற மும்முரத்தில் வாந்தியை அடியோடு மறந்துவிட்டாள்.

கொக்கி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றிருக்கிறேன்.