மலை சரிந்ததைப் பார்த்தேன்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீ அனுப்பிய முழங்கால் தைலம் வந்து சேர்ந்தது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாற்றம்தான் தாங்கவில்லை. கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன வாரம் நான் பனிமலைக்குப் போய் வந்தேன். யாரோடு என்று நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவரோடுதான், அவருடைய ஆபீஸ் ஜீப்பில். நீங்கள் பிரிந்த பிறகு அவரை என்ன சொல்லி எழுதுவதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதப் பார்க்கிறது.

கோட்டு ஜிப் பிய்ந்துவிட்டது என்று தைக்கக் கொண்டுவந்தார். மலை உச்சியில் பனிச்சரிவு எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லையாம். கீழே ஊர் இருக்கிறது, உடனே போக வேண்டும். கூட வருகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், தனியாகப் போக அனுமதி இல்லை என்றார். ரேடியோவில் பேச ஓர் ஆள் இருந்தால் போதுமாம். “பேசறதுக்குத்தானே? நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். நான் பேசினால் ரேடியோதான் களைத்துப் போகும் என்று நீ சிரிப்பாய். சிரி.

சிட்டு, நான் எத்தனை வெள்ளைத் துணி வெட்டியிருக்கிறேன்! வெள்ளைக்குள் இத்தனை வெள்ளை இருப்பது எனக்குத் தெரியாது. நிழலில் நீலம், வெயில் பட்ட இடத்தில் வெண்ணெய் நிறம். ஓர் அருவி விழுந்தபடியே உறைந்து நின்றது, யாரோ “நில்” என்று அதட்டியது போல. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி ஊர்ந்து போனோம். என் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோட்டுக்கு விளிம்பே தெரியவில்லை, பள்ளம்தான் தெரிந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் என் பயத்துக்கு என்ன மதிப்பு என்று தோன்றியது.

ஒரு வளைவுக்கு முன்னால் திடீரென்று ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார். “ஏங்க, கொஞ்சம் பேசாம இருங்க” என்றார். இப்போதெல்லாம் என்னை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்.

எதிரே மலையின் தோளில் ஒரு கோடு விழுந்தது. துணியில் கத்தரி ஓடுகிற மாதிரி அவ்வளவு நேராக. அப்புறம் அந்தப் பக்கம் முழுவதும் சத்தமே இல்லாமல் கழன்று இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. அது காதில் கேட்கவில்லை, நெஞ்சு எலும்பில் கேட்டது. “அத்தை! தலையைக் குனிஞ்சுக்குங்க!” என்று கத்திக்கொண்டு என் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டார். பனிப்புழுதி ஜீப்பை மூடி எல்லாம் இருட்டிவிட்டது.

வெளுத்த பிறகு பார்த்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடே இல்லை. மாடி வீட்டு உயரத்துக்குப் பனி. அதில் முழு மரங்கள் வேரோடு தலைகீழாக நின்றன. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆகவே ரேடியோவில் நான்தான் பேசினேன். “ரோடு அடைச்சிருச்சு. மேல போக முடியாது” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

குழந்தை தங்காமல் போன அன்று, ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மலைமேல் இருந்தார். ‘ரோடு அடைச்சிருச்சு’ என்று இதே வார்த்தையைத்தான் அவரும் சொன்னார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ பட்டது உனக்குத்தான் தெரியும். அதில் பேச எனக்கு உரிமை இல்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

திரும்ப இடமில்லை. ரிவர்ஸிலேயே வந்தோம். நான் தலையை வெளியே நீட்டி, “இன்னும் ஒரு முழம் இருக்கு, வாங்க வாங்க” என்று அளவு சொல்லிக்கொண்டே வந்தேன். அகலமான இடம் வந்ததும் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அப்போது வெயில் வந்தது. மலை சரிந்த அதே இடத்தில், புதுப்பனியின் மேல் காட்டாடுகள் வரிசையாக ஏறிப் போயின. முன்னால் போனது கால் வைத்த குழியிலேயே பின்னால் வந்தவையும் கால் வைத்தன. அவர் அழுதார். நான் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி முழுக்க உன்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டார் என்று பொய் எழுத மாட்டேன். கடை வாசலில் இறங்கும்போது மட்டும், “அவளுக்கு முதுகு வலி தேவலையா?” என்றார். தேவலை என்றேன். சரிதானே?

கருவி இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது. ரோட்டைச் சரிசெய்ததும் மறுபடி போக வேண்டும். கூட வருகிறவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். பின் இருக்கை காலிதானே, நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே என்றுதான் கேட்கிறேன். பின் இருக்கையில் என் பக்கத்தில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. இதை வெறும் செய்தியாக வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் குளிரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும், மனம் குளிர இரு என்றுதான் உன்னை வாழ்த்த வருகிறது.

என்றும் உன்,
அம்மா