வலது முன்சக்கரத்தில் வெண்ணெய்

ஜூன் 18

வேன் சாவி என் பையில் இருக்கிறது! இதுவரை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

இதுவரை வண்டி ஓட்டிய தாம்பா அண்ணன் கண் பரிசோதனைக்குப் போய்வந்து, "இனிமே எனக்கு மேடும் ஒண்ணுதான், ஆறும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே சாவியை மேசைமேல் வைத்தார். எங்கள் வட்டத் தலைவர் புன்த்சாக் என்னைக் கூப்பிட்டார். "ஸெவெல்மா, மூணு வருசமா அந்த வண்டிக்கு அடியிலதானே கிடக்குற. நம்ம மல்யுத்தக்காரங்கள ஜூலை எட்டாம் தேதி மாகாண நாடாம் விளையாட்டு விழாவுக்குக் கொண்டு போ. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேரு பதிவு முடியுது. அதுக்குள்ள சேர்த்துட்டா நீதான் டிரைவர். இல்லன்னா பதார்ச்."

பதார்ச் தலைவரின் மச்சினன். பக்கத்திலேயே நின்றான். "அக்கா, முன் ஆக்ஸில் செத்து ரெண்டு வருசம் ஆச்சு. முன்னாடி ரெண்டு சக்கரம் சும்மா அழகுக்குத்தான் ஓடுது" என்றான். உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 20

முன் ஆக்ஸிலைப் பிரித்தாயிற்று. தலைமுடி வரைக்கும் கிரீஸ்.

பின்சக்கரத்துக்கு ஒரே வேலை, சுற்றுவது. முன்சக்கரம் பாவம், சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். நேராக வரும் இரும்புத் தண்டு வளைந்து நிற்கும் சக்கரத்தை எப்படிச் சுற்றும்? அதற்குத்தான் ஆக்ஸிலின் இரு முனையிலும் ஆட்டுத்தலை அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் குண்டுகள் வைத்த ஜாயின்ட் ஒளிந்திருக்கிறது. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மடங்கிக்கொண்டே சுற்றும். இத்தனை நாள் பெயர் தெரியும், இன்றுதான் கையில் வைத்து மடக்கிப் பார்த்தேன். சிரிப்பே வந்துவிட்டது. இதை யோசித்தவன் கையை முத்தமிடலாம்!

ஜூன் 23

பூட்டியாயிற்று, ஆனால் ஸ்டீயரிங் கல் மாதிரி இருக்கிறது. முழுக்கத் திருப்பினால் கடகடவென்று உதைக்கிறது. ஏன்? எங்கே தப்பு? பசியும் இல்லை, பேசவும் பிடிக்கவில்லை.

ஜூன் 24

வாஷர்! மெல்லிய வாஷர்! சக்கரம் திரும்புவது மேலே ஒரு முளை, கீழே ஒரு முளையில். ஜாயின்ட்டின் நட்டநடு அந்த இரண்டு முளைக்கும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். நான் மேலே ஒன்று, கீழே ஐந்து என்று திணித்திருந்தேன். மூன்று மூன்றாகப் போட்டேன். ஒற்றை விரலால் திருப்ப முடிகிறது!

ஜூன் 29

மடாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சரளை மேட்டில் ஏறிப் பார்த்தேன். பின்சக்கரம் வழுக்குகிறது, முன்சக்கரம் பிடித்து இழுக்கிறது. திருப்பிய பக்கமே இழுக்கிறது! கத்திவிட்டேன். மேய்ந்த யாக் மாடுகள் எல்லாம் ஓடிப்போயின.

ஜூலை 8, காலை

கிளம்பும் முன் இரண்டே வரி. கெட்டித் தரையில் முன்சக்கரங்களை ஆக்ஸில் தண்டிலிருந்து விடுவித்துத்தான் ஓட்டுகிறேன், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். இன்று ஆறு உண்டு என்பதால் சக்கர நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள போல்ட்டை முறுக்கிப் பூட்ட வேண்டும். இடது பக்கம் பூட்டினேன். அதற்குள் துல்மா அத்தை வந்துவிட்டார், உயிர்பெற்ற ஆக்ஸிலுக்கு வெண்ணெய் தடவி வாழ்த்த. வலது சக்கரத்து மூடிமேல் கை நிறைய அப்பினார். கிண்ணம் கிண்ணமாகக் குதிரைப்பால் வேறு. அத்தை கண்ணெதிரே வெண்ணெயை வழித்துவிட்டு ஸ்பேனர் வைக்க முடியுமா? வழியில் பூட்டிக்கொள்ளலாம். அத்தை பின்னாலேயே பால் தெளித்து அனுப்புகிறார்.

ஜூலை 8, மாலை

மறந்துவிட்டேன். நானே, வேறு யாரும் இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் போகிறேன்.

வழி முழுக்கப் பாட்டு, கேலி. ஆறு மல்யுத்தக்காரர்கள், வேன் அழுதது. பதார்ச்சும் கூட வந்தான், 'தேவைப்பட்டால் ஓட்ட'. ஆற்றில் மழைவெள்ளம். நான்கு சக்கரக் கியர் போட்டு இறங்கினேன். நடு ஆற்றில் பின்சக்கரம் மணலில் புதைந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி அசையவில்லை. தண்ணீர் கதவுக்குள் வந்தது.

"நாளைக்குத்தான் மல்யுத்தம்னு நெனச்சேன்" என்றார் கொம்போ அண்ணன். மல்யுத்தத்தில் 'யானை' பட்டம் வாங்கியவர் அவர். குரலில் சிரிப்பு, கண்ணில் இல்லை.

"எந்திரி அக்கா. எங்கிட்ட விடு" என்றான் பதார்ச். "அப்பவே சொன்னேன், அழகுக்குத்தான்னு."

மணி மூன்றரை. முன்னால் இரண்டு சக்கரமும் செத்தது எப்படி? இரண்டும் ஒரே நேரத்தில் உடையுமா? அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, வெண்ணெய்! ஒரு பக்கம் பூட்டாமல் விட்டால் பலம் முழுக்க அந்த வெறும் தண்டைச் சுற்றுவதிலேயே போய்விடும். பூட்டிய சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது.

"தப்பு என்னோடதுதான். வலது சக்கரம் பூட்டல. எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரோடு குதித்தேன். தண்ணீர் இடுப்புவரை, குனிந்தால் மார்புவரை, எலும்பைக் கடிக்கும் குளிர். சக்கரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தடவினேன். இவ்வளவு வெள்ளத்திலும் அத்தையின் வெண்ணெய் கரையவில்லை! மூடி வழுக்கிக்கொண்டே போனது. தலையில் கட்டியிருந்த துணியைச் சுற்றிக் கழற்றினேன். விரல் செத்துப்போய், போல்ட் திரும்புகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கொம்போ அண்ணன் ஜன்னல் வழியாக என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

ஏறி உட்கார்ந்தேன். கியர். மெதுவாக. சக்கரத்தை ஆற்றோட்டத்துக்கு எதிராகத் திருப்பினேன். முன்பக்கம் தலை தூக்கியது! பிடித்தது, திருப்பிய பக்கமே இழுத்தது, கரை வந்தது, உள்ளே மல்யுத்த மலைகள் ஆறும் ஊளையிட்டன. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தபோது பெயர் பதிந்தோம்.

ஜூலை 9

இரண்டு முன்சக்கரத்தையும் பிரித்துத் தண்ணீர் வடித்து, புது கிரீஸ் வைத்தேன். கொம்போ அண்ணன் இரண்டாம் சுற்றிலேயே தோற்றார். "காலர் புடிச்சதுல கை வலி" என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

ஜூலை 13

தலைவர் இன்னும் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆற்றுக் கதை அவர் காதுக்குப் போயிருக்கும். பதார்ச் சொல்லியிருப்பான். என்ன சொன்னானோ?

ஆகஸ்ட் 31

நாளை பள்ளி திறக்கிறது. விடுதிக்குப் போகும் பிள்ளைகள் பதினொரு பேர், பெட்டி படுக்கை, இரண்டு ஆட்டு மாமிச மூட்டை. ஆற்றில் இன்னும் வெள்ளம். வலது பக்கத்தை முதலில் பூட்டினேன். துல்மா அத்தையிடம் வண்டியின் முன்விளக்கைக் காட்டினேன், வெண்ணெய் இனி அங்கேதான்.

பதார்ச் தன் இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து அழைத்து வந்தான். தூக்கி ஏற்றினான், கம்பளியைப் போர்த்திவிட்டான். போகாமல் வலது முன்சக்கரத்தருகே நின்றான்.

"பூட்டியாச்சா அக்கா?"

"ஆச்சு."

"சரி" என்று கதவைச் சாத்தினான். நான் இறங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.