பூஜையில் வைத்த ஷூ

ஓசூர்
29-10-1993

அன்பு மகள் முனிலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே குளிரும் தூறலுமாக இருந்தாலும் நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே மஸ்கட் வெயிலில் நீ சௌக்கியமாக இருக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது. பாதி எனக்கு எழுதியிருக்கிறாய், மீதி முழுக்க என் கணுக்காலுக்கு. உன் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளையும் இப்படித்தான் மிரட்டுவாயா? இந்த வயதில் எலும்பு முறிந்த பிறகு என்னம்மா ஓட்டம், நான் வாங்கி அனுப்பிய ஷூவை யாருக்காவது கொடுத்துவிடு, அப்பா சொல்கிறபடி பொங்கலோடு வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இரு என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் மகளும் கடல் தாண்டிக் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்கள். இதை முழுவதும் படி, அப்புறம் திட்டு.

கம்பெனி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டக் குச்சியை வாங்கத் திரும்பியவள் கால் மடங்கி விழுந்தது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்தாகிவிட்டது, எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று கம்பெனி டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் தைரியம் சேரவில்லை, அதை உனக்கு எழுதவில்லை. வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போக பெங்களூர் ரோட்டைத் தாண்ட வேண்டும் அல்லவா, லாரி ஹாரன் அடித்தால் கால் அப்படியே நின்றுவிடும். ஒருநாள் நடு ரோட்டில் நின்று அழுதுவிட்டேன் லட்சுமி, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் காயில் செக்ஷனில் அத்தனை பேரையும் அதட்டுகிற உன் அம்மாதான் அழுதாள். அன்றிலிருந்து தினமும் அப்பா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்து தன் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பார். பாதி நாள் பஸ் போய்விடும், சூப்பர்வைசரிடம் பேச்சுக் கேட்பார். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் உன்னால் தனியாக ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்றால் வேலை வேண்டாம் என்று அவர் சொன்னது இதனால்தான். அவர் மேல் தப்பில்லை. ஆனால் நீ பாவாடை கட்டிய காலத்திலிருந்து நான் போய்வருகிற வேலை அது, ஒரு ரோட்டுக்குப் பயந்து விட எனக்கு மனசில்லை.

மறுபடி ஓடிப் பழகினால் காலை நம்பும் தைரியம் வரும் என்று தோன்றியது, அதனால் டாக்டரிடமே போய் ஓடலாமா என்று கேட்டேன். தாராளமாக ஓடலாம், ஆனால் பழைய நஞ்சம்மாவாக நினைத்துக்கொண்டு ஓடாதே, இன்றைக்குத்தான் முதல்முதலாக ஓடப் பழகுகிறவள் மாதிரி ஆரம்பி, ஒரு விளக்குக் கம்பம் வரை மெதுவாக ஓடு, அடுத்த இரண்டு கம்பம் நட, ஒருநாள் ஓடினால் மறுநாள் காலுக்கு ஓய்வு கொடு என்றார். ராமநாயக்கன் ஏரிக்கரையில் விடிந்ததும் ஆரம்பித்தேன். முன்பு ஏரியை முழுச்சுற்று ஓடியவளை இப்போது வாக்கிங் போகிற பெரியவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள். எதிரே வருகிற கன்னடத்துக்காரர் ஒருவர் தினமும் நிதான அக்கா, நிதான என்று சொல்லிவிட்டுப் போவார். இதற்குமேல் நிதானமாகப் போனால் நின்றுவிடுவேன் ஐயா என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன். என்னோடு வேலை செய்கிற கருப்பாயி ஒருநாள் துணைக்கு வந்தவள், "அக்கா, பின்னால எறும்பு வருது, வழி விடு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன், ஓய்வை மட்டும் கேட்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, ஒருநாள்கூட லீவு போடாததற்குக் கம்பெனியில் எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு வாங்கியவள் நான். ஒருநாள் ஓடி ஒருநாள் சும்மா இருப்பது எனக்கு ஆப்சென்ட் ஆன மாதிரி இருந்தது. மழையிலும் போனேன், வலித்த அன்றும் போனேன். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அப்பா தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். இனி பொங்கலோடு வீட்டில்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

பூஜையன்று அப்பா வழக்கம்போலத் தன் ஸ்பேனர், திருப்புளி, சைக்கிள், என் தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தார். திரும்பிப் பார்த்தால் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் என் ஷூ இருக்கிறது! கழுவிக் காயவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப் பூ. பக்கத்து வீட்டு மங்கம்மா பொரி வாங்க வந்தவள், ஐயையோ சாமிகிட்ட செருப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா அலட்டிக்கொள்ளாமல், "அது செருப்பில்ல மங்கம்மா, அவளோட ஆயுதம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "மிஷினையே இன்னிக்கு நிறுத்தி வச்சிருக்கோம், உன் காலு மட்டும் என்ன ஓவர்டைமா? நான் எடுத்துக் குடுக்கற வரைக்கும் தொடக்கூடாது" என்றார். டாக்டர் சொன்னபோது ஏறாதது அப்போதுதான் ஏறியது. பூஜையில் வைத்ததைத் தொட முடியுமா? வீக்கம் முழுக்க வடியும்வரை ஷூ சாமிக்கு முன்னால்தான் இருந்தது.

புதன்கிழமை அவரே எடுத்துக் கொடுத்தார். திரும்ப ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை, முதலிலிருந்து. வலி இல்லை. வியாழக்கிழமை ஓடவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன். இன்று காலை ஓடிவிட்டு, ஷூவோடேயே வேலைக்குக் கிளம்பினேன். ரோட்டு ஓரத்தில் அப்பா வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் கையைக் கொடுக்கவில்லை, டிபன் கேரியரைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன், இறங்கினேன், லாரி ஹாரன் அடித்தது, கால் நிற்கவில்லை, கடைசி நாலு எட்டு ஓடியே போய்விட்டேன். அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் உன் அப்பா இருந்த இடத்திலேயே கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, புழுதி என்று சொல்லுவார். அதற்குள் அவர் கம்பெனி பஸ் வந்தது, ரொம்ப நாள் கழித்து நேரத்துக்கு ஏறினார், என் சாப்பாட்டோடு.

மத்தியானம் கருப்பாயிதான் பங்கு கொடுத்தாள். சாயங்காலம் காலி கேரியரோடு வந்தவர் பொங்கலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, புளிக்குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். நீ வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் தூங்கு, ஓய்வு எடுப்பது ஆப்சென்ட் ஆகாது. எந்த ஊரில் இருந்தாலும் தைரியமும் ஆரோக்கியமுமாக நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. ஷூவை யாருக்கும் கொடுக்கமாட்டேன், பூஜையில் வைத்த பொருள். மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது, இனிமேல் அம்மாவின் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
மா. நஞ்சம்மா