அடுத்த வருஷம் பார்க்கலாம்

லீட்ஸ்
மார்ச் 3

அன்புள்ள டோரீன்,

என்னை நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் வாரம் வீடில்லாதவர்களுக்குத் திறந்துவிடும் உங்கள் தேவாலயக் கூடத்தில் வந்து படுத்திருந்த டெஸ்மண்ட். விருந்து வழக்கப்படி காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, தட்டில் களைக்கோசை, அந்தக் கசப்புக் குட்டிக்கோசை, ஒதுக்கியதற்கு, "காகிதக் கிரீடம் வச்சதும் ராசாவுக்குக் களைக்கோசு இறங்கலையாக்கும்?" என்று கேட்டீர்களே, அதே ஆள்தான்.

கடைசி நாள் வாசலில், "அடுத்த வருஷம் பாக்கலாம், டெஸ்" என்றீர்கள். மற்ற தொண்டர்கள் முறைத்தார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வீடில்லாமல் இரு என்று வாழ்த்துவதுபோல் ஆகிவிடுமாம். எங்களைப் போல வந்து தங்கும் விருந்தாளிகளிடம் அதைச் சொல்லக் கூடாதாம், இனி இங்கே பார்க்கக் கூடாது என்றுதான் வழியனுப்ப வேண்டுமாம். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்கோ அது இனித்தது. என்னை எதிர்பார்ப்பதாக யாரும் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

நகராட்சி எனக்கு ஓர் அறை கொடுத்துவிட்டது. கட்டில் உண்டு, கெட்டில் உண்டு. பேசத்தான் ஆளில்லை.

டெஸ்

மார்ச் 11

அன்புள்ள டெஸ்,

உங்கள் கடிதத்தைக் கண்டு துள்ளினேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை அண்டா கழுவ விட்டுவிட்டார்கள், தெரியுமா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.

அறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கணவர் ஹெரால்ட் போனபிறகு என் வீட்டுக் கெட்டிலிலும் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் கொதிக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

அன்புடன்,
டோரீன்

நவம்பர் 20

அன்புள்ள டோரீன்,

ஞாயிறு முழுக்க வாய் திறக்கவில்லை. திங்களன்று பொரித்த மீன் கடையில் "ஒரு பொட்டலம்" என்று கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஒன்று தோன்றுகிறது, திட்டாதீர்கள். அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு உங்கள் மேசையில் எனக்கு இடம் உண்டல்லவா? வீடுள்ளவனை அங்கே சேர்க்கமாட்டீர்களே.

டெஸ்

நவம்பர் 24

டெஸ்,

புத்தி பேதலித்துவிட்டதா? அந்த அறைக்காக எத்தனை பேர் குளிரில் காத்துக் கிடக்கிறார்கள்!

வருவதானால் தொண்டராக வாருங்கள். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவ ஆள் பற்றவில்லை. முன்வாசல் விருந்தாளிகளுக்கு, நீங்கள் பக்கவாசல் வழியாக வர வேண்டும். உங்களுக்கென்று ஓர் ஏப்ரன் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

அன்புடன்,
டோரீன்

டிசம்பர் 27

அன்புள்ள டோரீன்,

வந்தேன். பக்கவாசலுக்குத்தான் கிளம்பினேன், கால் தானாக முன்வாசல் வரிசையில் போய் நின்றுவிட்டது. அங்கே நின்றால் நீங்கள் "வாங்க டெஸ்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போவீர்கள் என்ற நப்பாசை.

பின்னால் நின்ற பெண் கேட்டாள்: "அண்ணே, நம்ம வரைக்கும் கட்டில் இருக்குமா? போன தடவ எனக்கு முன்னாடி நின்னவரோட முடிஞ்சுபோச்சு."

என் சட்டைப்பையில் அறைச் சாவி இருந்தது. "நீ முன்னால போம்மா, எனக்கு வீடு இருக்கு" என்றேன். அதற்குப்பின் ஏப்ரன் கட்டிக்கொண்டு அவள் தட்டில் பரிமாற எனக்கு முகமில்லை. திரும்பி வந்து களைக்கோசு வேகவைத்துத் தின்றேன். இப்போதும் பிடிக்கவில்லை.

இனி எழுதமாட்டேன், டோரீன். உங்கள் கையெழுத்தைக் கண்டாலே கால் அந்த வரிசைக்கு இழுக்கிறது.

டெஸ்

டிசம்பர் 31

அன்புள்ள டெஸ்,

இதற்குப் பதில் வேண்டாம்.

அன்று பக்கவாசலையும் பார்த்தேன், வரிசையையும் பார்த்தேன். நீங்கள் வரிசையில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் பெயர் பெர்னி, வரிசையில் இடம் விட்ட அண்ணனைப் பற்றி அவளே சொன்னாள். கடைசிக் கட்டில் அவளுக்குத்தான் கிடைத்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள். நேற்று விடைகொடுக்கும்போது அவளிடம் சொல்ல வேண்டியதைத் தவறாமல் சொன்னேன்.

ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்து மடித்துவைத்துவிட்டேன். பெர்னியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், மனமில்லாமல்தான். அடுத்த வருஷம் உங்களை நான் பார்க்கவே கூடாது.

டோரீன்