குனிந்து வாங்கிய வீக்கம்

அன்புள்ள என் சீனியருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், என் நெற்றி மட்டும் நலமில்லை. நீ அங்கே உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் அப்பன் இப்போது நெற்றியில் எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்போடு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊராருக்குக் கண் பவர் பார்த்துக்கொண்டிருக்கிறான். வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்ப்பதில்லை, என் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். கடைசி வரி தெரிகிறதா என்று கேட்டால், "வரி தெரியலை சார், நெத்தி நல்லாத் தெரியுது, என்ன ஆச்சு?" என்கிறார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் அலமாரி இடித்தது என்றேன். முதலாளியிடம் குளியலறையில் வழுக்கியது என்றேன். மாடி வீட்டுத் தையல்கார அக்காவிடம் விளையாட்டுக்கு, உன் அம்மா கரண்டியை வீசிவிட்டாள் என்றேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உடனே நம்பிவிட்டார், அம்மாவுக்கு அதில்தான் கோபம். ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்லியாகிவிட்டது, உனக்கு மட்டும் உண்மையை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ இப்போதெல்லாம் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுக் கடைசியில் "அப்பாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்று என்னைத் தூரத்து உறவுக்காரன் மாதிரி விசாரிக்கிறாய். நான் அந்த நேரத்தில் அதே சோபாவில், அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அவள் சொன்னால் நம்பாதே, ஒரு தடவைதான் அப்படி ஆயிற்று. எல்லாம் என் வாயால் வந்த வினை. நீ அங்கே கராத்தே வகுப்பை விட்டுவிட்டேன் என்று சொன்ன அன்று நான் சும்மா இருந்திருக்கலாம். "அது அழகா இருக்குப்பா, ஆனா அது டான்ஸு. காத்தைக் குத்திட்டு, காத்துக்கு வணக்கம் வச்சிட்டு வீட்டுக்கு வர்றோம். தெருவுல ஒருத்தன் கையைப் பிடிச்சா கத்தணும், உதறணும், ஓடணும். அதைச் சொல்லித் தர்ற இடத்துல சேர்ந்துட்டேன்" என்றாய். நம் கராத்தே மாஸ்டரையும், அச்சகத்துக்கு மேலே நாம் இரண்டு பேரும் சேர்ந்து வியர்த்த அந்த மாடி ஹாலையும் டான்ஸ் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "ஓடறதுக்கு எதுக்கும்மா கிளாஸு, உனக்குத்தான் அது நல்லா வருமே, இங்கேருந்து ஓடினவதானே" என்றேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். லைன் அறுந்துவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன், லைன் நன்றாகத்தான் இருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து உன் கட்டடம் வரைக்கும் ஒருவன் உன் பின்னாலேயே வந்ததை அம்மா அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாள். அப்பாவிடம் சொல்லாதே, ஜோக் அடித்துவிடுவார் என்றாயாம். அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன் சீனியர், விழுங்க முடியவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நீ சேர்ந்த மாதிரி வகுப்பு இங்கேயும் ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டு, உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன். சோபா கட்டில் விற்கும் கடையின் கிடங்கில், விற்காத மெத்தைகளைத் தரையில் பரப்பி நடத்துகிறார்கள். சொல்லித் தருகிற பெண் பகலில் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், உன் வயதுதான் இருக்கும், என்னை அங்கிள் என்கிறாள். நம்மைத் தாக்க வருகிறவனாக நடிப்பது அந்தக் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். உடம்பு முழுக்கப் பஞ்சு வைத்த உடுப்பு மாட்டிக்கொள்வதால் அவனுக்கு மெத்தை என்றே பெயர். முதல் நாள் கத்தும் பயிற்சி. மெத்தை நெருங்கி வரும்போது வயிற்றிலிருந்து "தள்ளிப் போ!" என்று கத்த வேண்டும். கடையில் இத்தனை காலம் வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி எனக்கு வாயில் வந்தது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்பதுதான். மெத்தையும் நல்ல பிள்ளை, தள்ளி நின்றுவிட்டான். அதற்கு அவனுக்குத் திட்டு விழுந்தது.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெண் ஓடுவதைப் பற்றிச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "ஓடறதுன்னா பயந்து போறது இல்ல அங்கிள். எங்க ஓடணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வெளிச்சம் இருக்கிற கடை, ஆள் இருக்கிற வாசல், தெரிஞ்ச வீடு. போக இடம் இல்லாம ஓடுறவங்கதான் மாட்டிக்கிறாங்க" என்றாள். பிறகு ஒவ்வொருவரையும் எழுந்து நின்று அவரவர் ஓடுகிற இடத்தை உரக்கச் சொல்லச் சொன்னாள். ஒருவர் பெட்ரோல் பங்க் என்றார், ஒரு அம்மா தங்கச்சி வீடு என்றார். என் முறை வந்தபோது நான் வீடு என்றேன், உடனே தும்மல் வந்த மாதிரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். உன் வகுப்பிலும் இதைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? நீ எந்த இடத்தைச் சொன்னாய்? அந்த ஊரில் எதையாவது சொல்லியிருப்பாய், சொல்லத்தான் வேண்டும், இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். இருந்தாலும் கேட்கிறேன். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வளவளவென்று எழுதுகிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

மாஸ்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புதுக் கண்ணாடிக்கு என்று கடைக்கு வந்தார், கண்ணைக் காட்டாமல் முறைத்தார். "ஏன்யா, நின்ன இடத்துல நிக்கிறதுக்கு நான் அவ்வளவு பாடுபட்டுக் கத்துக் கொடுத்தேன், நீ போய் ஓடக் கத்துக்கறியா? சண்டை போடறதுக்கா நாம இதைப் பண்றோம்? நம்ம கோபத்தை நாமளே கட்டி வைக்கத்தானே பண்றோம்?" என்று சத்தம் போட்டார். எனக்கு அது சரியென்றே பட்டது. வகுப்பில் போய் அப்படியே சொன்னேன். "மாஸ்டர் சொன்னது நிஜம்தான், நம்ம கோபத்தைக் கட்டிடலாம், தெருவுல வர்றவனோட கோபத்தை யாரு அங்கிள் கட்டுறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு அதுவும் சரியென்றே பட்டது. உன் அம்மா, "யார் கடைசியாப் பேசினாங்களோ அவங்க கட்சி நீங்க" என்கிறாள். உன் குரலைக் கேட்டு நாளாகிறது, கேட்டால் உன் கட்சிக்கும் வந்துவிடுவேன்.

இனி நெற்றி விஷயம். போன சனிக்கிழமை, மெத்தை நிஜமாகவே ஓடி வந்து பாய்வான், நாம் உதறித் தள்ளிவிட்டு ஓட வேண்டும் என்று ஏற்பாடு. கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு உலகமே மெத்தைதான். அந்தப் பெண் "ரெடி" என்று குரல் கொடுத்தாள். உனக்குத் தெரியும், ரெடி என்ற சொல் காதில் விழுந்தால் என் உடம்பு என்ன செய்யும் என்று. எதிரில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வருகிறான், நான் குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையில் ஒட்டி, முறைப்படி இடுப்பிலிருந்து குனிந்து அவனுக்கு வணக்கம் வைத்தேன். இப்படி ஒன்றை அவன் எதிர்பார்க்கவில்லை. என் நெற்றி அவன் முகவாயில் போய் முட்டி, அவன் அப்படியே பின்னால் சரிந்து ஒரு மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். "அங்கிள், இதை எந்த கிளாஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க, உங்க மாஸ்டரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்" என்று அந்தப் பெண் கண்ணீர் வரச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால் என் நெற்றியில் இந்தப் புடைப்பு. ஆகவே, காற்றுக்கு வைக்கிற வணக்கம் தெருவுக்கு உதவாது என்று நீ சொன்னதற்கு என் பதில் இதுதான். உதறுவதும் ஓடுவதும் உன் பக்கம், வணக்கம் என் பக்கம், நம் சண்டை சமம். சரி என்றால் ஒரு போன் செய்துவிடு.

மற்றபடி வீட்டில் பெரிய செய்தி இல்லை. மழைக்கு உன் அறைக் கதவு உப்பிக்கொண்டு திறக்காமல் போயிற்று, தச்சரைக் கூப்பிட்டோம். அவர் செதுக்கிச் சரி செய்துவிட்டு, கீலைத் திருப்பி மாட்டிவிட்டுப் போய்விட்டார். இப்போது வீட்டிலேயே அந்த ஒரு கதவு மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்கிறது. மாற்றச் சொல்லலாம் என்றேன், அம்மா இருக்கட்டும் என்றாள். நானும் அந்தப் பக்கம் போவதில்லை, அவளும் போவதில்லை, சும்மா மூடித்தான் கிடக்கிறது. உன் பழுப்பு பெல்ட் கதவுக்கு மேல் ஆணியில் அப்படியே தொங்குகிறது. எனக்கு முன்னால் நீ வாங்கிய பெல்ட். நீ பழகி முடிக்கும்வரை பெஞ்சில் காத்திருக்கச் சலித்து நானும் உன்னோடு சேர்ந்து, எல்லாப் பரீட்சையிலும் உனக்குப் பின்னால் நின்று, கடைசிவரை உனக்கு ஜூனியராகவே இருந்துவிட்டேன். ஜூனியர் முதலில் குனிய வேண்டும், சீனியர் நிமிர்ந்த பிறகுதான் நிமிர வேண்டும், குனியும்போதும் எதிராளியின் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று நீதான் எனக்கு அதட்டிச் சொல்லித் தந்தாய். நீ கிளம்பிய அன்று விமான நிலையத்து வாசலில், அத்தனை பேர் நடுவில், நாம் அப்படித்தான் குனிந்தோம், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று நான் கண்ணை எடுத்துவிட்டேன். எடுக்காமல் இருந்திருந்தால் நீ என் முகத்தைப் பார்த்திருப்பாய். நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்குள்ளே உன் பையின் முதுகுதான் தெரிந்தது. நீ நிமிர்ந்துவிட்டாயா என்று சரியாகத் தெரியாததால், நான் நிமிர்ந்தது முறையா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போது காதில் பாட்டு மாட்டாதே, வெளிச்சமான பக்கமாகவே நட. ஏதாவது என்றால் கூச்சப்படாமல் கத்து, உன் அப்பனைப் போல மரியாதையாகக் கத்தாதே. ஓட வேண்டியிருந்தால் ஓடு, அன்றைக்கு நான் சொன்னதை அங்கேயே போட்டுவிட்டு ஓடு. நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் நல்ல இடத்தில் விழட்டும், உனக்கு ஒரு குறையும் வராது. கண் பவரைப் பார்த்து எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தேன், மறந்துவிடாதே, புதுக் கண்ணாடி என் கையால் போட்டு அனுப்புகிறேன்.

என்றும் உன் ஜூனியர்,
அப்பா

பின்குறிப்பு: எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவள், "அந்த கிளாஸ்ல எல்லாரும் தலைக்குப் பஞ்சுத் தொப்பி போட்டுக்கறோம்னு நீங்கதானே சொன்னீங்க, அப்புறம் அங்க எப்படிப் புடைக்கும்?" என்று கேட்டு, திருத்தி எழுதினால்தான் தருவேன் என்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சரி, புடைத்தது அங்கே இல்லை, உன் அறை வாசலில். வகுப்புக்கு மறுநாள் காலை, கடைக்குக் கிளம்புமுன் தினமும் செய்வது போல அங்கே நின்று குனிந்திருந்தேன், கண்ணை எடுத்துவிட்டிருந்தேன். உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு அம்மா வெளியே வந்தாள்.