உரித்து வைத்த கரும்பு

கடிதம் எண் 41
மவுண்ட் ஹேகன், 17 ஆகஸ்ட் 2019, சனிக்கிழமை, காலை 7.20

மகன் கெலாவுக்கு,

நானும் உன் தாயும் நலம், பன்றிகளும் நலம். பிரிஸ்பேனில் உன் உடல் நலமாயிருக்கும் என நம்புகிறேன். புத்தியைப் பற்றி அவ்வாறு நம்ப இயலவில்லை. தொலைபேசியில் சொன்னால் உன் காதில் நில்லாது, ஆகவே எழுதுகிறேன். கடந்த 10ஆம் தேதி நோமியின் வீட்டார் அவளை உனக்குத் தருவது குறித்துப் பேச வந்தார்கள். உன் கட்டளைப்படி உன் சிற்றப்பன் மகன் டோமாஸ் விருந்தினருக்கு முழுதாகக் கொடுக்க வேண்டிய கரும்பை முந்தைய நாளே வெட்டி, தோலுரித்து, துண்டாக்கி, ஐஸ் போட்டு டப்பாவில் அடைத்திருந்தான். நான் தடுத்ததற்கு, "பெரியப்பா, அண்ணன் படிச்சவரு, சும்மா இருங்க" என்றான். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, துண்டெல்லாம் சிவந்திருந்தது. நோமியின் தாய்மாமன் பரூவா ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "எங்க பல்லெல்லாம் கொட்டிப்போச்சுன்னு உங்க பையனுக்கு யாரு சொன்னா?" என்றார். நடுவதற்குரிய நுனிக்கரணை எங்கே என்றும் கேட்டார். அதைப் பன்றிக்குப் போட்டாயிற்று என்று டோமாஸ் பெருமையுடன் தெரிவித்தான். கரணை தராத வீட்டில் எங்கள் பெண் எப்படி வேர் பிடிப்பாள் என்று சொல்லி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நோமி மட்டும் என்னிடம் வந்து, "கரும்பை டப்பாவுல வச்சவரு என்னை எதுல வைப்பாருன்னு கேட்டுச் சொல்லுங்க மாமா" என்றாள். கேட்டுவிட்டேன், பதில் எழுது.

உன் பட்டப்படிப்பில் விட்டுப்போனதையும் எழுதிவைக்கிறேன். கம்பத்தில் கட்டி நிமிர்த்து வளர்த்த, கணுவிடை நீண்ட, பூ விடாத கரும்பைத் தேர்ந்தெடு. விருந்தன்று காலையில் வெட்டு. காத்திருக்க வேண்டுமானால் தோகையோடு நிழலில் சாத்தி, அடியை ஈரமண்ணில் வை. தோலை உரிப்பது தின்பவன் பல்லின் வேலை, உன் வேலையன்று.

14ஆம் தேதி, புதன்கிழமை, என் கருஞ்சிவப்புக் கரும்பை வேரோடும் தோகையோடும் பரூவாவின் வீட்டுக்குச் சுமந்து சென்றேன். என் முழங்காலைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். அவர் கடித்து இழுத்துவிட்டு, "இது கரும்பு. அன்னிக்குக் குடுத்தது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார். பெண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. நேற்று மாலை நோமி அதே கரும்பின் கரணையுடன் வந்து, எவரையும் கேளாமல் நம் வேலியோரம் நட்டாள். கம்பம் ஊன்ற டோமாஸ் போனான். "நீ தள்ளு, அவரு வந்து ஊனட்டும்" என்றாள்.

கரும்பு உனக்காக நிமிர்ந்து நிற்காது, சாய்வதற்குள் வந்து சேர். கடவுள் உன்னைக் காக்கட்டும். டோமாஸுக்கு இனி ஒரு கட்டளையும் இடாதே.

உன் தந்தை,
கோய் ரும்பா

இணைப்பு:
1. நோமி நட்ட கரணையின் புகைப்படம். அவள் முகம் காட்ட மறுத்துவிட்டாள்.
2. கரும்பைக் கம்பத்தில் கட்ட, உன் தாய் திரித்த கயிறு.