சனிக்கிழமை லென்ஸ்கள்

2023 பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் அழுதேவிட்டார். ஷாம் ஷுய் போவில், வயதானவர். கையில் உறைந்த மீன் இருக்கிறது, உருகுகிறது என்றார். மெக்கானிக் போய்ச் சேரும்வரை போனில் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எப்படிச் சமைப்பீர்கள், இஞ்சி நிறையப் போடுவீர்களா என்று. என் வேலையே அதுதானே, ஆள் வரும்வரை பேச்சு அறாமல் பார்த்துக்கொள்வது. வீட்டுக்கு வந்தால் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

கம்பெனி விருந்துக் குலுக்கலில் எனக்கு விழுந்த கேமராவை இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். எடுத்ததும் கை நழுவியது. கேமராவுக்கு ஒன்றுமில்லை. லென்ஸ் போய்விட்டது.

பிப்ரவரி 18, சனி

மோங் கோக்கில் பழுதுபார்க்கும் க்வோங்கிடம் காட்டினேன். புது லென்ஸ் விலையைக் கேட்டதும் கேமராவைத் திரும்பப் பைக்குள் போட்டேன். "எதுக்குக்கா புதுசு? ஒரு வளையம் வாங்கி மாட்டுங்க, உங்க வயசு லென்ஸ்கூட இதுல உட்காரும். ஃபோகஸ் மட்டும் கையால திருப்பணும்."

என் வயது லென்ஸ்! அவன் வாயே அப்படித்தான்.

வளையம் வாங்கினேன். லென்ஸ் அவனிடம் வாங்கவில்லை. "எங்கிட்ட இருக்கறதெல்லாம் பூஞ்சை பிடிச்சது, நெட்ல தேடுங்க" என்று அவனே சொல்லிவிட்டான்.

தேடியதில் கிடைத்தது: "மகளோடு இருக்க மான்செஸ்டர் போகிறேன். பழைய லென்ஸ்கள், ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். சனிக்கிழமை, பிரின்ஸ் எட்வர்ட் நிலையம், டிக்கெட் வாசல். மாக்." இப்போது ஊரில் பாதி விளம்பரம் இப்படித்தான் இருக்கிறது. போன வருஷம் என் தங்கை சௌ-ஹா டொரன்டோ போகும்போது அவள் சோபாவும் இப்படித்தான் போயிற்று.

மார்ச் 4, சனி

கம்பித் தடுப்புக்கு உள்ளே நான், வெளியே அவர். வெளியே வந்தால் டிக்கெட் காசு போகும், அதனால் எல்லோரும் தடுப்புக்கு மேலேயே கைமாற்றிக்கொள்கிறார்கள். அறுபது தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டை. லென்ஸை ஒரு காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது டகுமார், ஐம்பது எம்.எம். பாருங்க, கண்ணாடி தேத்தண்ணி கலர்ல இருக்கா? அந்தக் காலத்துக் கண்ணாடி அப்படித்தான் பழுத்துப் போகும். வெயில்ல வைங்க, தானா வெளுத்துடும்."

"வெயிலுக்கு எங்க போறது? என் ஜன்னலுக்கு எதிர்ல பக்கத்து வீட்டு ஏசிதான் இருக்கு."

சிரித்தார். "அப்ப மஞ்சளாவே எடுங்க, மிஸ் தாம். சாயங்காலம்னு சொல்லிக்கலாம்."

பிடிக்கவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை வேறு லென்ஸ் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

வீட்டில் மாட்டினால், கேமரா திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வருகிறது. இருக்கிறதே! கையில் கனமாக இருக்கிறதே! கடைசியில் மெனுவுக்குள் தேடி, லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று அதற்கு ஒரு உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் எடுத்தது. முதல் படம்: என் சோற்றுப் பானை. மஞ்சளாக, அழகாக.

மார்ச் 11, சனி

டகுமாரை வைத்துக்கொண்டு இன்னொன்றும் வாங்கினேன். ஹீலியோஸ், ஐம்பத்தெட்டு. சோவியத் சாமான், இரும்புக் குண்டு மாதிரி. மரத்துக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் பின்னால் இலையெல்லாம் சுழலுமாம். "ஆளு மட்டும் அசையாம நிக்கற மாதிரி, உலகம் சுத்தற மாதிரி" என்றார் மாக் அண்ணன். அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர்தான் கேட்டார், எத்தனை நாளைக்கு மிஸ்டர் மாக் என்பீர்கள் என்று.

பூங்காவில் நிறுத்த ஆளில்லை. ஒரு குப்பைத்தொட்டியை எடுத்தேன். அதன் பின்னால் உலகம் நன்றாகவே சுழன்றது.

மார்ச் 18, சனி

இருபத்தெட்டு வாங்கினேன். அகலமானது. வீட்டில் எடுத்தால் நாலு சுவரும் படத்தில் விழுகிறது, அதுவே வேண்டாம் போலிருக்கிறது. அந்த ஊரில் குளிருமே என்று கேட்டேன், மான்செஸ்டரில். "குளிரும் குளிரும். மழைகூட" என்றார். ஆறேழு நிமிஷம் பேசியிருப்போம். நிலைய ஆள் நகரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 25, சனி

இருபத்தெட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாற்றக் கொண்டுபோனேன். ஃபோகஸ் வளையம் இறுக்கமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் திருப்பிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. அதை வைத்துக்கொண்டு நிக்கோன் மைக்ரோ ஐம்பத்தைந்தைக் கொடுத்தார். "இது பொல்லாதது. எதையும் மறைக்காது. பூவுக்கும் தபால்தலைக்கும் சரி, மனுஷங்களுக்கு வேணாம்."

வரும் வழியில் கம்பளிச் சாக்ஸ் வாங்கினேன். அவருக்கு. இது அதிகமோ? ஊரை விட்டுப் போகிறவருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கொடுப்பதில் என்ன அதிகம்?

ஏப்ரல் 5, புதன்

சிங் மிங், இறந்தவர்களைக் கும்பிடும் நாள். அம்மாவின் அஸ்தி மாடத்துக்குத் தனியாகப் போனேன். சௌ-ஹா வீடியோவில் கும்பிட்டாள், அங்கே இன்னும் முதல் நாள் ராத்திரி. "அக்கா, நீயும் இங்க வந்துடேன். அங்க யாரு இருக்கா உனக்கு?"

வேலை இருக்கிறது என்றேன். மனதில் வந்ததை வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஏப்ரல் 22, சனி

காலையில் லென்ஸ் மாட்டும் வளையத்தின் திருகு தளர்ந்தது என்று க்வோங்கிடம் போனேன். லென்ஸையெல்லாம் பார்த்துவிட்டு, "மாக் அண்ணன்கிட்ட வாங்கினீங்களா?" என்றான்.

"ஆமா, பாவம், மான்செஸ்டர் போறாரு."

"அவரா? அவரு மூணு வருஷமா போய்ட்டே இருக்காருக்கா!"

ஜப்பானிலிருந்து கிலோக் கணக்கில் வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு விற்கிறாராம். ஊரை விட்டுப் போகிறேன் என்று எழுதினால் சீக்கிரம் விற்குமாம். கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியுமாம்.

எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்—

இன்று பிரின்ஸ் எட்வர்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 29, சனி

போனேன். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு இளம் ஜோடிக்கு அவர் விற்றுக்கொண்டிருந்தார். அதே காலுறை. அதே "தேத்தண்ணி கலர்". அதே சிரிப்பு! எனக்கென்றே சொன்னது என்று நினைத்திருந்தேன், மண்டு.

அந்தப் பெண் போகும்போது, "பத்திரமாப் போய்ச் சேருங்க அங்கிள், பேரப்பிள்ளையோட சந்தோஷமா இருங்க" என்றாள். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். விற்றுவிட்ட முகம் இல்லை அது. தலையைக் குனிந்து, நிஜமாகவே போகிறவர் மாதிரி, "இருக்கேன்மா, இருக்கேன்" என்றார்.

அவர்கள் போனபின் நான் தடுப்பருகே போனேன்.

"எப்ப விமானம், மாக் அண்ணே?"

புரிந்துவிட்டது அவருக்கு. காலுறையை மடித்தார்.

"போனது என் பொண்ணு. மாப்பிள்ளை, குழந்தை எல்லாம். வாப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டா. நான் என்னத்துக்கு உங்களுக்குப் பாரமான்னேன். வீம்பு. அப்புறம் அவ வான்னு கூப்பிடல. ஏர்போர்ட்டுக்கும் நான் போகல, முதுகு வலின்னுட்டேன்."

"அதுக்காக ஊரையே ஏமாத்துவீங்களா?"

"போறேன்னு சொன்னா பேரம் பேச மாட்டாங்க. அது ஒண்ணு. அப்புறம்... எல்லாரும் நல்லா நாலு வார்த்தை சொல்லி அனுப்பறாங்க, மிஸ் தாம்."

"நான் உங்களுக்குச் சாக்ஸ் வாங்கி வச்சிருக்கேன்யா! குளிருமேன்னு!" கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தார்கள். வந்த வண்டியில் ஏறிவிட்டேன். எந்தப் பக்கம் போகிற வண்டி என்றுகூடப் பார்க்கவில்லை.

மே 6, சனி

படம் எடுக்கவில்லை.

மே 13, சனி

மழை. சனிக்கிழமை இவ்வளவு நீளமான நாள் என்பது மறந்துபோயிருந்தது. மேஜையில் மூன்று லென்ஸ்கள் மூடியோடு உட்கார்ந்திருக்கின்றன. இவற்றை யார் தேர்ந்தெடுத்தது, நானா? லென்ஸைத் தேர்ந்தெடுத்தேனா, ஆறேழு நிமிஷப் பேச்சையா?

மாக் அண்ணனிடமிருந்து செய்தி: "அந்த 28 இன்னும் என்னிடம் இருக்கிறது. குறை ஒன்றும் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும்."

பதில் போடவில்லை. ஆனால் படித்தேன், பலமுறை.

மே 20, சனி

முதல் முறையாக டிக்கெட் வாசலைத் தாண்டி வெளியே போனேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மேஜை சின்னது, நடுவில் கம்பி இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் மக்ரோனி சூப் முடித்துவிட்டேன். அவர் ஒரு பால் தேநீரை மட்டும் கலக்கிக்கொண்டே இருந்தார்.

மகள் வாராவாரம் போன் செய்கிறாளாம், இவர் வீடியோவை மட்டும் திறப்பதில்லை, கெட்டுவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறார். இப்போது அவள் ஒரு போட்டோவாவது அனுப்பு என்கிறாளாம்.

"எடுத்துத் தர்றீங்களா? நல்லா இருக்கற மாதிரி. அந்த ஹீலியோஸ்ல எடுங்க, அது தயவான லென்ஸ்."

மே 27, சனி

பூங்காவில் ஆலமரத்தடியில் நிறுத்தினேன். இஸ்திரிச் சட்டை, சீவிய தலை. ஹீலியோஸில் எடுத்தேன். கைக்கு வந்ததால் ஐம்பத்தைந்தையும் மாட்டி ஒன்று எடுத்தேன். அது நெருங்கி வரச் சொல்லும் லென்ஸ். கண்ணிமையில் ஃபோகஸ் நிற்கும்வரை வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாக நின்றார். இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. "என்ன, சரியா வருதா?" என்றார். வருகிறது என்றேன்.

"ரெண்டு அனுப்பாதீங்க, குழம்பிடுவேன். உங்களுக்கு எது சரின்னு படுதோ அது ஒண்ணு மட்டும். அப்படியே பொண்ணுக்குத் தட்டிவிட்டுடறேன்."

மே 28, ஞாயிறு

இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தபடியே காலை போய்விட்டது.

ஹீலியோஸ் படத்தில் இலைகள் சுழல்கின்றன, நடுவில் அவர். கன்னத்தில் வெளிச்சம். பத்து வயது குறைந்து, எங்கோ பயணம் கிளம்புகிறவர் மாதிரி இருக்கிறார். மகள் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவாள்.

ஐம்பத்தைந்தில்— சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கிறது. பொத்தான் போட்டும் உள்ளே ஒரு கை போகலாம். தாடைக்குக் கீழே சவரம் விட்டுப்போன இடம். கண்ணுக்கடியில் குழி. இளைத்திருக்கிறார். இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார், நான் வாராவாரம் பார்த்தும் லென்ஸைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஹீலியோஸ் படத்தை அனுப்பினால் அடுத்த சனிக்கிழமை இருக்கும். அதற்கடுத்ததும் இருக்கும்.

அவர் கேட்டதும் அதைத்தானே? நல்லா இருக்கற மாதிரி என்றுதானே கேட்டார்? நான் யார் மாற்றி அனுப்ப?

துணி துவைத்தேன். கஞ்சி வைத்தேன். அது அடிபிடித்தது.

ஐம்பத்தைந்தை அனுப்பினேன்.

மே 30, செவ்வாய்

வேலை நேரத்தில் போன். மாக் அண்ணன் குரலே வேறு மாதிரி இருந்தது.

"பொண்ணு ஒரே திட்டு. என்னப்பா சாப்பிடற, யாரு பாத்துக்கறா, எலும்பா நிக்கறியே, என்கிட்ட பொய் சொன்னியான்னு... அழறா, மிஸ் தாம். உனக்கு டிக்கெட் போட்டுட்டேன், வர மாட்டேன்னு சொன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேங்கறா." மூக்கை உறிஞ்சினார். "அந்தப் பொல்லாத லென்ஸ்ல எடுத்ததத்தான அனுப்பிச்சீங்க?"

"ஆமா, அண்ணே."

"ஹ்ம்." அப்புறம், "தெரிஞ்சுதான் நானும் அவளுக்குத் தட்டிவிட்டேன்."

அடுத்த அழைப்பு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. யாரோ எங்கோ மாட்டியிருக்கிறார்கள். எடுத்தேன். கழிவறைக்குப் போய் அழக்கூட முடியாத வேலை.

ஜூன் 17, சனி

மிச்ச லென்ஸ்களை விற்றுக்கொண்டிருக்கிறார். நான் தடுப்புக்கு வெளியே, அவர் பக்கத்தில் நிற்கிறேன். வேடிக்கை, இப்போதைய விளம்பரத்தில் மான்செஸ்டர் என்ற வார்த்தையே இல்லை. ஒரு ஆள் விடாமல் பேரம் பேசினான். "ஏன் விக்கறீங்க அங்கிள்?" என்றான். "வீட்டுல இடம் இல்ல" என்றார் மாக் அண்ணன்.

ஜூலை 8, சனி

விமான நிலையம். ஒரே பெட்டி. வழியனுப்ப வந்தது நான் மட்டும். மூன்று வருஷமாக முகம் தெரியாதவர்கள் எல்லாம் சொன்னதை நான் சொல்ல வேண்டிய இடம். வாயில் வரவில்லை. தினமும் எத்தனை பேரிடம் பேசுகிறேன்!

"சாப்பிடுங்க அண்ணே, நேரத்துக்கு" என்றேன்.

"நீங்களும்தான். தனியாளுக்குன்னு கஞ்சியே வைக்காதீங்க." உள்ளே போகும் வரிசையில் திரும்பி ஒருமுறை பார்த்தார். ஐம்பத்தைந்து மாட்டிய கேமரா என் கழுத்தில் தொங்கியது. ஃபோகஸ் செய்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் பாலம் வரும்வரை தாங்கினேன்.

ஜூலை 15, சனி

பிரின்ஸ் எட்வர்டில் கதவு திறந்தது. மூடியது. நான் இறங்கவில்லை.

வண்டி போன போக்கில் க்வுன் டோங் வரை போய், கடலோரம் நடந்தேன். தூண்டில் போட்டபடி ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், தலையில் பெரிய தொப்பி. கடந்துபோய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறை.

"என் மூஞ்சியையா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். ஆனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

வளையத்தைத் திருப்பினேன். காற்றில் அவள் அசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, இன்னுமா ஆகல?"

"கையால திருப்பணும். கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

"நிதானமா எடு" என்று அவள் பக்கத்தில் இருந்த வாளியைக் காலால் நகர்த்தி இடம் விட்டாள். "மீனும் இன்னும் வரல. உக்காந்துதான் எடேன்."

உட்கார்ந்தேன்.